மேலத்தெருவுக்கு வந்த வளைவு

நாவல்துறையில் ஆற்றை நேராக்கியது தப்பு. வேறு பேச்சில்லை.

நங்கையாறு மலையிலிருந்து அவசர அவசரமாக இறங்கி வந்து, ஊரைக் கண்டதும் கொஞ்சம் நிதானித்து, கீழத்தெருப் பக்கம் வயிற்றைத் தள்ளி ஒரு வளைவு வளைந்து, அந்த வளைவில் நாணலும் கோரையும் வளர்த்து, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, கிணறுகளுக்கு ஊறவிட்டு, வெள்ளக் காலத்தில் பள்ளத்தில் பரவிப் படுத்து, அதற்கப்புறம்தான் எழுந்து போகும். அந்த வளைவு இருந்ததால் மாசி மகத் தீர்த்தவாரிக்குச் சாமி கீழத்தெருவில்தான் ஆற்றில் இறங்கும். சாமி அங்கே இறங்கியதால் முதல் மாலையும் பரிவட்டமும் கீழத்தெருவுக்குத்தான் போகும். மற்ற மூன்று தெருக்காரர்களும் அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, எரிந்த வயிற்றோடு கிழவர்களாகி, அப்படியே செத்தும் போனார்கள். பிள்ளைகளுக்கு வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போனது போல அந்த எரிச்சலையும் விட்டுப் போனார்கள்.

ஆற்றங்கரையை ஊருக்கும் ஆற்றுக்கும் பயன்படுகிற மாதிரி திருத்திக் கொடுப்பது என்று மேலிடத்தில் முடிவானபோது, நகரத்திலிருந்து மெர்லின் என்ற பெண் வந்தாள். ஆற்றங்கரைகளுக்குத் திட்டம் போடுவதுதான் அவள் படித்த படிப்பு. துணி துவைக்கிறவர்களிடமும் மாடு ஓட்டுகிறவர்களிடமும் சுடுகாட்டுக்காரரிடமும் பேசிவிட்டு, கரை முழுக்க வெயிலில் நடந்துவிட்டு, ஒரு படம் போட்டுக் கொண்டுவந்தாள். வளைவு அப்படியே இருந்தது. வெள்ளம் பரவப் பள்ளம், நிழலுக்கு மருதமும் புங்கமும், மாடு இறங்கச் சரிவு, பெண்கள் இறங்கப் படித்துறை. நல்ல திட்டம். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு மேலத்தெருவிலிருந்து ஒருவர் எழுந்து, எல்லாம் சரி, படித்துறை மட்டும் எதற்குக் கீழத்தெருவில் என்று கேட்டார்.

அங்கே கெட்டது.

பேரூராட்சித் தலைவர் சடையப்பன் மேலத்தெருக்காரர். அந்த எரிச்சல் அவருக்கும் அப்பா விட்டுப்போன சொத்துதான். ஆறு நேராக ஓடினால் நான்கு தெருவும் ஒரே மாதிரி போய் ஆற்றைத் தொடும், எவனுக்கும் ஏற்றமில்லை எவனுக்கும் தாழ்வில்லை என்று சொல்லி, படத்தை வாங்கி, மேசை மேல் விரித்து, வளைவின் மேல் ஒரு கோடு இழுத்தார். கை தூக்கச் சொன்னார்கள். மூன்று தெருவின் கைகள் ஒரு தெருவின் கைகளைவிட அதிகம். அவ்வளவுதான் சங்கதி.

"வளைவை எடுக்கலாம் சார்," என்றாள் மெர்லின். "ஆனா அது எங்கேயாவது போய்த்தான் ஆகணும்."

"போகட்டும்மா. யார் வேணாம்னா?" என்றார் சடையப்பன். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள்.

சடையப்பனின் மனைவி செங்கமலம் கீழத்தெருவில் பிறந்தவள். அன்று சோறு போடும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "அந்த வளைவுலதாங்க நான் நீஞ்சப் பழகினேன். அத எடுத்து ஒங்க தெருவுக்கு என்ன வந்துறப் போவுது?"

"ரசம் ஊத்து," என்றார் சடையப்பன்.

ஊற்றினாள்.

இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுந்தது. நான்கு தெருவுக்கும் ஒரே அளவு படி, ஒரே மாதிரி விளக்கு, ஒரே நிறத்தில் பெஞ்சு. பழைய வளைவில் மண்ணைக் கொட்டி மேடாக்கி மனை போட்டார்கள். ஆறு ஊரைத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. கிணறுகள் இறங்கின. மாடுகள் சுவரோரம் வந்து நின்று, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பின. அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுவர் காய்ந்த வாரத்தில் வளைவு ஊருக்குள் வந்தது.

தண்ணீர் வரவில்லை. வளைவு மட்டும்தான் வந்தது. வீடிழந்தவர்கள் எப்படி வருவார்களோ அப்படி, ஒவ்வொரு தெருவாக எட்டிப் பார்த்து, கீழத்தெரு குறுகல் என்று விட்டு, நடுத்தெருவில் தேர்முட்டி இடிக்கிறது என்று விட்டு, அகலமாகவும் நீளமாகவும் இருந்த மேலத்தெருவில் போய்ப் படுத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரு நேராகத்தான் தெரிந்தது. நடந்தால் தெரியும். பால்காரர் நேராக மிதித்த சைக்கிள் சாய்ந்து திரும்பிப் போனது. தபால்காரர் கோயிலுக்கு எடுத்த அடி பஸ் நிலையத்தில் போய் நின்றது.

சடையப்பன் காலையில் வாசலுக்கு வந்து நின்றார். இளவட்டமாக இருந்தபோது ஆற்று வளைவில் நீந்தினால் தோளைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுக்கும் ஒரு இழுப்பு உண்டு. அதே இழுப்பு, உலர்ந்த தரையில், செருப்புப் போட்டு நின்றவரின் தோளைப் பிடித்து இழுத்தது. அவருக்கு அடையாளம் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே சுவரை உடைத்திருக்கலாம். உடைத்திருந்தால் இவ்வளவு தூரம் சொல்ல வேண்டியிருக்காது.

ஊர் பழகிக்கொண்டது. ஊர் எதற்குத்தான் பழகாது. டவுன் பஸ் டிரைவர் மேலத்தெருவில் ஆரன் அடித்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். கண்டக்டர் "வளைவெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். அந்தத் தெருப் பையன்கள் போட்ட பந்து எல்லாம் தானே திரும்பியதால் வெளியூர் அணிகள் விளையாட வர மறுத்தன. சுடுகாட்டுக்குக் கிளம்பிய ஒரு பாடை தெருவில் திரும்பி, கிளம்பிய வீட்டு வாசலுக்கே வந்து சேர, ஓய்ந்திருந்த பெண்கள் இன்னொரு தடவை அழ வேண்டியதாகிவிட்டது; அதற்கப்புறம் சாவு என்றால் கொல்லை வழிதான். மாசி மகத்துக்குக் கிளம்பிய சாமியும் அப்படியே திரும்பிக் கோயிலுக்குள் போனது. குருக்கள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றித் தீர்த்தவாரி ஆயிற்று என்றார். நான்கு தெருவுக்கும் சமமான படிகளில் யாரும் இறங்கவில்லை.

ஆற்று வளைவுக்கு ஒரு குணம் உண்டு. வெளிக்கரையை அரிக்கும்; அரித்ததைக் கொண்டுபோய் உள்கரையில் சேர்க்கும். தண்ணீர் இல்லாவிட்டாலும் அந்தக் குணம் போகவில்லை. மேலத்தெருவில் வடக்கு வரிசை வெளிக்கரையானது, தெற்கு வரிசை உள்கரையானது. வடக்கு வீடுகளில் முதலில் சுண்ணாம்பு போனது, பிறகு வாசற்படியின் விளிம்பு, பிறகு கரண்டி, சீப்பு, மூக்குக்கண்ணாடி. தெற்கு வீடுகளின் வாசலில் காலையில் பெருக்கப் பெருக்க மாவு போன்ற மணலும், மணலுக்குள் கரண்டியும் சீப்பும் கண்ணாடியும் கிடந்தன. முதலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் பல்செட்டைக் கழுவித் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். போகப் போகக் கொடுப்பது நின்றது. வளைவு கொடுத்ததை மனுஷன் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு நியாயமும் பிறந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் வேறெதுவும் கேட்கும் முன் உள்கரையா வெளிக்கரையா என்று கேட்டார்கள். வெளிக்கரைக்காரர்கள் குடத்தைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டுப் படுத்தார்கள்.

அப்புறம் நினைப்புகள் போக ஆரம்பித்தன. வடக்கு வரிசையில் இருந்த குருக்களுக்கு அர்ச்சனையில் பாதி மறந்தது. தெற்கு வரிசை டீக்கடைக்காரர் பால் ஆற்றும்போது அந்தப் பாதியை முணுமுணுத்தார். கல்யாணம் காட்சி என்றால் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அதற்கும் பழகிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சடையப்பன் வீடு வடக்கு வரிசையில், வளைவு முட்டித் திரும்பும் இடத்தில் இருந்தது. நேர் எதிரே, உள்கரையில், அங்கமுத்து வீடு. அங்கமுத்து பூர்வீகத்தில் கீழத்தெருக்காரர்; மேலத்தெருவில் வீடு வாங்கி வந்தவர்; கூட்டத்தில் சடையப்பனுக்கு எதிராகக் கை தூக்கியவர். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இப்போது அங்கமுத்து தன் வாசலில் குவிந்த மணலை வண்டி வண்டியாக அனுப்பிக்கொண்டிருந்தார், ஆற்றை நேராக்கியது பற்றி அவருக்கு இப்போது குறையெதுவும் இல்லை.

செங்கமலத்துக்கு முதலில் உப்பின் அளவு போனது. பிறகு தம்பியின் பேர். பிறகு கீழத்தெருவுக்குப் போகும் வழி. கொடியில் துணி காயப்போடப் போனவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வார்கள் என்று யோசித்தபடி வெயிலில் நின்றாள். சடையப்பன் வாசலில் மணல் மூட்டை அடுக்கினார். தகரம் அடித்தார். ரோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார். பின்தெருவில் ஒரு வீடு பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வெளிக்கரை பின்னால் நகர்வது ஆற்றின் வழக்கம்தானே, வளைவும் பின்னாலேயே வந்து அந்த வீட்டுச் சுவரைத் தொட்டது. வெளியூரில் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே அரிப்பு நின்றது. ஆனால் அவளுக்கு மிச்சமிருந்தது மேலத்தெரு வீடும் அந்த அடுப்பும்தான். அவை இல்லாத இடத்தில் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்து, வாய்க்குள் வைத்த சோற்றை விழுங்காமல் இருந்தாள். திரும்பக் கூட்டி வந்தார்.

எல்லாம் செய்தார். சுவரை மட்டும் தொடவில்லை.

ஒரு நாள் காலையில், காபி டம்ளரோடு எதிரே வந்து நின்றவரைப் பார்த்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக, "யாரு வேணும் ஒங்களுக்கு? அவங்க வெளிய போயிருக்காங்க," என்றாள் செங்கமலம்.

சடையப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் குறுக்கே கடந்தார்.

எதிர்வீட்டுக்காரி, அங்கமுத்துவின் மனைவி, வாசல் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, வெறும் வயித்தோடயா இப்பிடி…" என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உக்காருங்கண்ணே. அண்ணியோட பேச்சு என் வாயில வந்துருது. தப்பா எடுத்துக்காதீங்க."

உள்ளே போய்ச் சுக்குக் காபி கொண்டுவந்தாள். கருப்பட்டி குறைவாக, மிளகு கொஞ்சம் தூக்கலாக. செங்கமலம் போடுவது அது. அவர் முகத்தைப் பார்க்காமல், கூட்டிய மணலைப் பார்த்துக்கொண்டே, தன்னிடம் வந்த நினைப்புகளையெல்லாம் சொன்னாள். செங்கமலத்தின் தம்பி மரத்திலிருந்து விழுந்தது வந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் வளையல் வாங்கியது வந்தது. கல்யாணத்தன்று புகையில் கண் கரித்தது வந்தது. வளைவில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எங்கே காலை வைத்தால் வழுக்கும், எங்கே நீரோட்டம் திரும்பும், அத்தனையும் வந்தது.

"'ரசம் ஊத்து'ன்னீங்களே. அதுவும் வந்துச்சு," என்றாள்.

சடையப்பன் சுக்குக் காபியைத் தள்ளி வைத்தார்.

"வந்தது வரட்டும்னு இருந்துட்டேண்ணே. மண்ணுதானே, கூட்டித் தள்ளிரலாம்னு நெனச்சேன். நேத்து புள்ள வந்துச்சு."

சடையப்பனுக்கும் செங்கமலத்துக்கும் முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழும் முன்னே காய்ச்சலில் போனது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் அதன் பிறகு ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஊருக்கே மறந்துவிட்டது. படம் எதுவும் இல்லை. செங்கமலம் மட்டும் வைத்திருந்தாள்.

"பாதி மொகந்தான் வந்திருக்கு. ஒரு கண்ணு. ஒரு காது. காதோரம் பால் வழிஞ்சு காஞ்ச தடம். மீதி அங்கதான் இருக்கு." எதிர்வீட்டுக்காரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "மீதிய நான் வாங்கிக்க மாட்டேன். அண்ணிக்கு வேற ஒண்ணும் மிச்சம் இல்ல. இன்னைக்கே செவுத்த ஒடைங்க."

"கூட்டம் போட்டுப் பேசிர்றேன்," என்றார் சடையப்பன்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அது அவள் பார்வை இல்லை. ரசக் கரண்டியோடு நின்றவளின் பார்வை.

கூட்டம் போட்டார்கள். வெளிக்கரைக்காரர்கள் உடைக்கச் சொன்னார்கள், அதிலும் பாதிப் பேருக்கு எதை உடைக்க வந்தோம் என்பது நடுவில் மறந்துபோனது. உள்கரைக்காரர்கள் முடியாது என்றார்கள். மனை வாங்கியவர்கள், வளைவு எங்கள் இடத்தில் ஓடவே இல்லை, பக்கத்து மனையில்தான் ஓடியது என்றார்கள். பக்கத்து மனைக்காரர் அதற்கும் பக்கத்து மனையைக் காட்டினார். இப்படிக் காட்டிக் காட்டி ஆற்றை அடுத்த ஊருக்கே கொண்டுபோய் விட்டார்கள். மேலிடத்துக்கு எழுதிக் கேட்போம், பதில் வரட்டும் என்று முடிவானது. அந்த முடிவைச் சொன்னவர் சடையப்பன். சொல்லும்போது அவர் குரல் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் நல்ல வெயிலில், ஊர் பார்க்க, எதிர்வீட்டுக்காரி கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு மேலத்தெரு வழியே ஆற்றுக்குப் போனாள். அந்தத் தெருவில் நடந்த அத்தனை பேரையும் திருப்பிவிட்ட வளைவு அவளைத் திருப்பவில்லை. நேராகப் போனாள். சுவரோரமாக நடந்து, ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டி, நின்று, காலால் தரையைத் தட்டிப் பார்த்து, நீருக்குள் நிற்கிறவளைப் போலப் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, அந்த இடத்தில் சுவரைக் குத்தினாள்.

அங்கமுத்து ஓடி வந்தார். "ஏய், கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? நம்ம வாசல் மண்ணுடி போவுது."

"போவட்டும். நம்ம மண்ணா அது?" என்றாள். அடுத்த குத்து.

நேராக ஓடும் ஆற்றுக்குப் பொறுமை கிடையாது. விரல் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்ததும் மிச்சத்தை அது பார்த்துக்கொண்டது. சுவர் இடிந்து விழ, அவள் கடப்பாரையைத் தரையில் இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மனைக் கற்களுக்கு நடுவே, போட்ட அஸ்திவாரங்களைச் சுற்றாமல், ஒரு இடத்தில் மெதுவாக, ஒரு இடத்தில் பக்கவாட்டில் கால் வைத்து, வழுக்கும் இடத்தில் வழுக்காமல் ஊன்றி, செங்கமலம் சிறுமியாக இருந்தபோது நீந்திய பாதை முழுவதையும் நடந்தாள். கடப்பாரை கிழித்த கோட்டில் தண்ணீர் அவள் குதிகாலைத் தொட்டுக்கொண்டே பின்னால் வந்தது. கீழத்தெருப் பெண்கள் மண்வெட்டியோடு வந்து கோட்டை அகலப்படுத்தினார்கள். அதே நேரம் மேலத்தெருவில் வளைவு எழுந்தது. படுத்திருந்த எருமை எழுவது போல முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். தெருவில் நின்றவர்கள் சாய்ந்து நின்றே பழகியவர்கள், சட்டென்று பிடிமானம் போய்த் தடுமாறினார்கள். நடுத்தெரு வழியாக, தேர்முட்டியை ஒரு உரசு உரசிக்கொண்டு, அது ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு திரும்பியது.

சடையப்பனும் கூடச் சேர்ந்து இடித்தார் என்று இப்போது சொல்கிறார்கள். பொய். நின்று பார்த்தார். இரண்டு கையும் சும்மாதான் இருந்தன.

மெர்லின் மறுபடி வந்தாள். புதிதாகக் கோடு போட அவளுக்கு வேலையில்லை. தண்ணீர் போட்ட கோடு இருந்தது. வெள்ளத்துக்குப் பள்ளம் விட்டாள், சரிவு வைத்தாள், மருதங்கன்று நட்டாள், நாணல் தானே வந்தது. மனைக்காரர்களுக்கு மேட்டில் மாற்று இடம் கொடுத்தார்கள். கிணறுகள் ஊறின. கரையில் இப்போது சாயங்காலமானால் ஊரே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தலைவர் சடையப்பன் காலத்தில் எவ்வளவு நல்ல வேலை நடந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சேர்த்ததை ஆறு திருப்பிக் கொடுப்பதில்லை. வளைவு போனது, அரிப்பு நின்றது, அவ்வளவுதான். குருக்கள் இன்னமும் பாதி அர்ச்சனைதான் செய்கிறார். செங்கமலத்துக்குப் போனவை போனவைதான். அவளிடம் இருப்பது வீடு, அடுப்பு, ஒரு குழந்தையின் பாதி முகம்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி தெருவைக் கடந்து வந்து செங்கமலத்தின் பக்கத்தில் உட்காருவாள். தம்பி மரத்திலிருந்து விழுந்ததைச் சொல்வாள். வளையல் வாங்கியதைச் சொல்வாள். செங்கமலம் யாரோ ஒருத்தியின் கதையாக அதைக் கேட்டு, சிரிக்கிற இடத்தில் சிரித்து, "அப்பறம்?" என்பாள். பிறகு இரண்டு பேரும் குழந்தைக்கு வருவார்கள். இவள் தன்னிடமுள்ள கண்ணைச் சொல்வாள், அவள் தன்னிடமுள்ள கண்ணைச் சொல்வாள். இவள் காதைச் சொல்ல, அவள் உதட்டைச் சொல்ல, நடுவில் ஒரு முழு முகம் கூடி வரும். சடையப்பன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பார். உள்ளே போய் உட்கார அவருக்குச் சொல்ல எதுவுமில்லை. அந்த முகத்தை அவர் அப்போதே சரியாகப் பார்த்து வைக்கவில்லை.

அவள் போன பிறகு செங்கமலம் ஒவ்வொரு நாளும் அவரிடம், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பது போல, அதே கேள்வியைக் கேட்பாள்.

"நல்ல பொண்ணா இருக்கா. எம் புள்ளய பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கா. யாருங்க அவ?"

ஒவ்வொரு நாளும் சடையப்பன் பதில் சொல்வார். எதிர்வீட்டுக்காரி என்று சொல்வதில்லை. அங்கமுத்து பெண்டாட்டி என்றும் சொல்வதில்லை. அவள் பேரைத்தான் சொல்வார்.

"சிலம்பாயி," என்பார்.